முந்தி வந்தவனுக்கு 'ஆப்சென்ட்'!

சீக்கிரம் வந்தவனுக்குக் கூலி இல்லை. பிந்தி வந்தவனுக்குக் கூலி உண்டு! இப்படியும் ஒரு நீதி உலகில் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு தோழர்களே, உண்டு! கிணத்துக்கடவு பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்து அந்த நீதியை என் கண்ணாலேயே பார்த்தேன்.

நம் சங்கத்துத் தோழர் ஒருவர். கோவை போகும் சாலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஆறு மணி ஷிப்டு. கம்பெனி பஸ் விடியும் முன்பே வந்து ஏற்றிக்கொண்டு போகும். வாசலில் விரலை வைத்தால் யந்திரம் 'கீச்' என்று ஒரு சத்தம் போடும், வருகை பதிவாகிவிடும். மாதம் முடிந்ததும் செல்போனில் ஒரு செயலி, அதாவது ஆப், இத்தனை நாள் வந்தாய், இத்தனை நாள் வரவில்லை என்று கணக்குக் காட்டும். அந்தச் செல்போனைத்தான் என் முன்னே நீட்டினார்.

"ஏனுங்க தோழர், நாலு நாள் ஆப்சென்ட் போட்டிருக்குதுங்க. நாலு நாளும் நான் வேலை செஞ்சேனுங்க. கூட நின்னவன் சாட்சி இருக்கறானுங்க. ஆபீசுல கேட்டா, கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்கறாங்க."

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது! அந்தக் காலத்தில் மேஸ்திரி பொய் சொல்ல மாட்டார் என்றார்கள், பிறகு கணக்குப்பிள்ளை பொய் சொல்ல மாட்டார் என்றார்கள், இன்று கம்ப்யூட்டர். பொய் சொல்லாதவர்கள் பட்டியலில் உழைப்பவன் பெயர் மட்டும் என்றைக்கும் ஏறியதில்லை.

நான்கு நாள் கூலி போயிற்று. அதோடு அட்டண்டன்ஸ் போனசும் போயிற்று. ஆத்திரத்தில் கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்த மாதம் முழுவதும் ஒரு நோட்டில் தினமும் விரல் வைத்த நேரத்தைக் குறித்து வாருங்கள் என்றேன். குறித்து வந்தார். செயலி காட்டிய கணக்கையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 5.35-க்கு விரல் வைத்த நாள் வருகை. 5.40 வருகை. 5.32 வருகை. ரோட்டில் கூட்டமில்லாமல் பஸ் வேகமாகப் போய்விட்ட நாட்கள் மூன்று: 5.20, 5.25, 5.18. அந்த மூன்று நாளும் ஆப்சென்ட்! ஐந்தரைக்கு முன்னால் வந்தவன் வரவில்லையாம். ஐந்தரைக்குப் பின்னால் வந்தவன் வந்தானாம்.

அது என்ன ஐந்தரை? ராகு காலமா, எமகண்டமா? எந்தச் சாஸ்திரக்காரன் கட்டிய கோடு அது?

விடை சொன்னது அவருடைய மகள். அந்தப் பெண் கோவையில் நிரல் எழுதும் வேலை பார்க்கிறது. நோட்டை ஒரு நிமிடம் பார்த்தது, சிரித்தது. "பெரியப்பா, நமக்குக் காலையில அஞ்சரை ஆகிறப்பத்தானுங்க கிரீன்விச்சுல ராத்திரி பன்னெண்டு. இந்த ஆப் நாளை அங்க வெட்டுதுங்க" என்றது.

நாளை அங்கே வெட்டுகிறது! கிணத்துக்கடவுத் தொழிலாளிக்கு நாள் எப்போது பிறக்கிறது என்பதை லண்டன் பக்கத்துக் குன்று ஒன்று தீர்மானிக்கிறது. திங்கட்கிழமை காலை 5.20 என்பது கிரீன்விச்சில் ஞாயிற்றுக்கிழமை இரவு 11.50. ஆகவே உள்ளே போன பதிவு ஞாயிறு தேதியில் விழுந்தது. மத்தியானம் வெளியே வந்த பதிவு திங்கள் தேதியில் விழுந்தது. திங்கட்கிழமைக்கு வெளியே போன சாட்சி இருக்கிறது. உள்ளே வந்த சாட்சி இல்லை. உள்ளே வராதவன் எப்படி வெளியே போனான் என்று கேட்க யந்திரத்துக்கு வாய் இல்லை. 'ஆப்சென்ட்' என்று எழுதிவிட்டது. முதல் மாதத்து நான்கு நாட்களில் ஒன்று 1-ஆம் தேதி. அந்தப் பதிவு கணக்கு முடிந்துபோன முந்தைய மாதத்துக்கே ஓடிவிட்டது.

இதைக் கேட்டதும், வெள்ளைக்காரன் போயும் அவன் கடியாரம் போகவில்லையே என்று ஒரு தோழர் மேசையைத் தட்டினார். கோபம் புரிகிறது. ஆனால் கோபத்தைச் சரியான இடத்தில் இறக்க வேண்டும். கிரீன்விச் கடியாரத்தில் பதிவு செய்தது குற்றமில்லை. அந்தக் கடியாரத்தைக் கொண்டு நாளை வெட்டியதுதான் குற்றம். இரண்டும் வேறு வேறு. அதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

சூரியனுக்கு ஒரே மணி கிடையாது. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் உச்சிப்பொழுது. இந்தியாவுக்கான பொது நேரம் கிழக்கே எண்பத்திரண்டரை பாகைத் தீர்க்கரேகையில் கணக்கிடப்படுகிறது. அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கம் போகிறது. கிணத்துக்கடவு ஏறத்தாழ எழுபத்தேழாவது பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடியாரம் பன்னிரண்டு அடித்துச் சுமார் 22 நிமிடம் கழித்துத்தான், ஆண்டுச் சராசரியில், நம் பொன்மலைக்கு மேலே சூரியன் உச்சிக்கு வருகிறான். அதாவது ஆறு மணி ஷிப்டுக்குப் போகும் நம் தோழர், சூரியன் கணக்கில் ஐந்தே முக்காலுக்கும் முன்னாலேயே வேலையைத் தொடங்குகிறார்.

இந்த இந்தியப் பொது நேரம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1906 ஜனவரி 1 அன்று சர்க்கார் கொண்டுவந்தது. அதற்கு முன் இந்த நாட்டு இரயில்கள் எந்த மணிக்கு ஓடின தெரியுமா? சென்னை மணிக்கு! நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தில் கணித்த நேரம். அந்தக் கூடத்தின் ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல் சென்னையின் தீர்க்கரேகையை அளந்து வைத்தார். பின்னாளில் பம்பாய் மணிக்கும் கல்கத்தா மணிக்கும் நடுவே நின்ற சென்னை மணியை இரயில்வே எடுத்துக்கொண்டது.

1906-ல் மணி மாறியபோது சென்னைக்கு வந்த வேறுபாடு ஒன்பது நிமிடம். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பம்பாய்க்கோ 39 நிமிடம்! கடியாரத்தின் முள்ளை முன்னே தள்ளினார்கள். ஆலைச் சங்கு சூரியன் கணக்கில் 39 நிமிடம் முந்தி ஊதியது. இருட்டில் எழுந்து இருட்டில் நடந்து வரவேண்டிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் அந்த ஜனவரியிலேயே ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். முள்ளை நகர்த்தியவன் தன் தூக்கத்தை இழக்கவில்லை, இழந்தவன் தொழிலாளி. ஆகவேதான் அவன் முதலில் எழுந்து நின்றான். பம்பாய் நகரசபை சுதந்திரத்துக்குப் பிறகும் சில காலம் பழைய பம்பாய் மணியை விடவில்லை.

ஆக, மணி என்பது யார் வைத்தது, யாருக்காக வைத்தது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. அன்று அது சங்கில் இருந்தது. இன்று நிரலில் இருக்கிறது.

இப்போது யந்திரத்துக்கு வருவோம். அந்தப் பெண் சொல்லிக் கொடுத்ததை எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான கம்ப்யூட்டர்களின் அடிவயிற்றில் தேதி இல்லை, கிழமை இல்லை, மாதம் இல்லை. ஒரே ஓர் எண். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து இதுவரை எத்தனை விநாடி என்ற எண். நம் கடியாரத்தில் அது காலை ஐந்தரை. நம் தலைமுறை கிரீன்விச் நேரம் என்று படித்ததை இன்று யூ.டி.சி. என்கிறார்கள், நம் கணக்குக்கு இரண்டும் ஒன்றே. சில சமயம் ஏதாவது ஒரு பதிவில் தேதி 1-1-1970 என்று காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எதையும் எழுதாமல் விட்ட இடத்தில் யந்திரம் பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டது என்று பொருள். எண்ணுக்கு இடம் குறுகலாக ஒதுக்கிய பழைய நிரல்களில், 2038 ஜனவரி 19, நம் மணிக்குக் காலை 8.44 தாண்டியதும் அந்த எண் நிரம்பி வழியும். அதற்கு முன் மாற்றி எழுதவேண்டும் என்று உலகம் முழுவதும் வேலை நடக்கிறது. அது வேறு கதை.

விநாடி எண்ணுவது நல்ல ஏற்பாடு. துபாயில் ஒருவன், சிங்கப்பூரில் ஒருவன், கிணத்துக்கடவில் ஒருவன், மூவரும் ஒரே நொடியில் விரல் வைத்தால் மூவருக்கும் ஒரே எண். எது முந்தி, எது பிந்தி என்று சண்டை இல்லை. நடந்து முடிந்த நிகழ்ச்சியை இப்படிப் பதிவதுதான் முறை.

ஆனால், நாள் என்பது நொடி அல்ல, தோழர்களே! நாள் ஊருக்குச் சொந்தம். அந்த எண்ணை நாளாக மாற்றும்போது, எந்த ஊர் மணியில் மாற்றுவது என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டால் கம்ப்யூட்டர் தான் குடியிருக்கும் வீட்டு வழக்கப்படி செய்யும். செயலியின் கணக்கு ஓடும் யந்திரம் எங்கோ ஒரு கட்டிடத்தில் இருக்கிறது. அது பெரும்பாலும் யூ.டி.சி.யில்தான் வைக்கப்பட்டிருக்கும். எழுதியவன் பகல் பத்து மணிக்குச் சோதித்துப் பார்ப்பான். எல்லாம் சரியாக இருக்கும். விடியற்காலை 5.20-க்குச் சோதிக்க அவன் ஏன் எழுந்திருக்கப் போகிறான்? அந்த நேரத்தில் எழுந்திருப்பவன் பால்காரன், பஸ் கண்டக்டர், தக்காளிக் கூடை தூக்குபவன், முதல் ஷிப்டுத் தொழிலாளி. பிழை அவர்கள் தலையில் மட்டுமே விழும்.

சரி, நாளை இந்திய நள்ளிரவில் வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்ததா? பகல் ஷிப்டுக்குத் தீர்ந்தது. இரவு ஷிப்டுக்கு? இரவு பத்துக்கு உள்ளே போய்க் காலை ஆறுக்கு வெளியே வருபவனை நள்ளிரவு இரண்டு துண்டாக வெட்டுமே!

நம் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். "நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு மழை பேஞ்சுதுங்க" என்பார்கள். அந்த இரண்டு மணி காலண்டரில் இன்றைய தேதி. ஆனால் பேச்சில் நேற்று ராத்திரிதான். வெடியால எழுந்தால்தான் புதுநாள். இது அறியாமை அல்ல. உழைப்பவனுடைய நாள், அவன் படுத்து எழுவதைக் கொண்டு அமைகிறது.

இதை யந்திரம் எழுதியவன் மறந்தான். சட்டம் எழுதியவன் மறக்கவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57-வது பிரிவைப் பாருங்கள். நள்ளிரவைத் தாண்டி ஓடும் ஷிப்டில், நள்ளிரவுக்குப் பின் செய்த வேலை முந்தைய நாள் கணக்கிலேயே சேரும் என்றது அது. அவனுக்கு மறுநாள் என்பது ஷிப்டு முடிந்த நேரத்திலிருந்து தொடங்கும் 24 மணி என்றது. வார விடுமுறையும் அப்படியே, ஷிப்டு முடிந்ததிலிருந்து எண்ணப்பட வேண்டும். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ல் இயற்றிய தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. இரவு ஷிப்டைப் பற்றிய விதி அதிலும் இருக்கிறது. அந்தத் தொகுப்பின் மீது நமக்குள்ள சண்டை பெரிது. அதை இங்கே இழுக்கவில்லை.

இதன் விலை என்ன என்று பாருங்கள். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்பது அந்தச் சட்டம் தந்த உரிமை. இரவு எட்டு மணிக்கு உள்ளே போனவனைக் காலை எட்டு வரை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம். நடுவில் ஓய்வு ஒரு மணி. சட்டக் கணக்கில் ஒரே நாளில் பதினோரு மணி வேலை, மிகைநேரம் இரண்டு மணி. நள்ளிரவில் வெட்டும் செயலியின் கணக்கில் முதல் நாள் நான்கு மணி, மறுநாள் ஏழு மணி. எந்த நாளும் ஒன்பதைத் தாண்டவில்லை. மிகைநேரம் பூஜ்யம்! யாரும் திருடவில்லை. ஆனால் காசு போய்விட்டது.

ஆகவே வேலைநாள் என்பதை ஷிப்டோடு சேர்த்துத் தனியாக எழுதி வைக்கவேண்டும். விரல் வைத்த நொடியை வெட்டி அதிலிருந்து நாளைக் கண்டுபிடிக்கக் கூடாது.

பிறந்த நாளுக்கும் இதே கதி. ஒருவன் 15-ஆம் தேதி பிறந்தான். அவ்வளவுதான். அதற்கு மணி இல்லை, மண்டலம் இல்லை. கம்ப்யூட்டரோ வெறும் தேதியை வாங்காமல் '15-ஆம் தேதி இரவு 12 மணி' என்று எழுதிக்கொள்கிறது. இந்திய நள்ளிரவைக் கிரீன்விச்சுக்கு மாற்றினால் 14-ஆம் தேதி மாலை ஆறரை. அதிலிருந்து தேதியை மட்டும் கத்தரித்தால், பிறந்த நாள் 14! தாய்க்குத் தெரியாமல் பிள்ளை ஒருநாள் முந்திப் பிறந்துவிட்டது. பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, பிராவிடண்ட் பண்டில் ஒன்று என்று மனு திரும்பி வரும் துன்பம் சங்க ஆபீசுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். எல்லாம் இதனால் என்று சொல்ல மாட்டேன். கையால் எழுதிய காலத்துப் பிழைகளும் உண்டு. ஆனால் வரிசையாகப் பல பேருக்கு ஒரே ஒரு நாள் குறைந்திருந்தால், அங்கே இந்தக் கத்தரியைத் தேடுங்கள். 03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்காக்காரனுக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதும் உலக முறை இருக்கிறது. அதைக் கையாண்டால் இந்தக் குழப்பமே இல்லை.

இந்தியாவுக்கு ஐந்தரை மணியைக் கூட்டிவிட்டால் போதாதா என்று ஒரு குறுக்குவழிக்காரர் கேட்டார். போதாது. இன்றைக்குப் போதும், என்றைக்கும் போதாது. யுத்த காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியா முழுவதும் கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். ஆறரையைக் கூட்டவேண்டிய காலம் அது. (அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணித்த மகானுபாவர்கள் அந்த ஒரு மணியைக் கழித்தார்களா? லக்கினம் மாறியிருக்குமே! கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.)

இலங்கையில் நடந்தது வேடிக்கையல்ல. 1996-ல் மின்சாரத் தட்டுப்பாடு. மே மாதம் கொழும்பு சர்க்கார் கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி பழைய ஐந்தரைக்கு வந்தது. இந்தப் பத்தாண்டும் வடக்கே புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய மணியே ஓடியது. ஒரே தீவு, ஒரே தீர்க்கரேகை. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் ஒரு மணி!

ஆகவே ஐந்தரை என்ற எண்ணை நிரலில் ஆணி அடித்து வைக்கக் கூடாது. எந்த ஊர், எந்த ஆண்டு, அப்போது என்ன மணி என்று உலகம் முழுவதற்கும் ஒரு பொதுப் பேரேடு இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கினார். பால் எகர்ட் தொடர்ந்து பார்த்து வருகிறார். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நம் மண்டலத்துக்கு அதில் பெயர் 'ஏசியா/கொல்கத்தா'. சென்னை மணிக்கு இரயில் ஓடிய நாட்டில் கொல்கத்தாவின் பெயர்! போகட்டும், பெயரில் என்ன, கணக்குச் சரியாக இருக்கிறது. ஐ.எஸ்.டி. என்ற மூன்றெழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அயர்லாந்துக்காரனும் இஸ்ரேல்காரனும் தங்கள் நேரத்துக்கு அதே மூன்றெழுத்தைத்தான் எழுதுகிறார்கள்.

வரப்போகும் நிகழ்ச்சிக்கு ஊர்மணியையும் ஊர்ப்பெயரையும் சேர்த்தே எழுதவேண்டும். நியூயார்க் கம்பெனிக்காகக் கோவையில் இரவு விழிக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள்: மார்ச்சில் அங்கே கடியாரத்தைத் தள்ளுகிறார்கள், பத்தரை மணி வித்தியாசம் ஒன்பதரை ஆகிறது, நவம்பரில் மறுபடி பத்தரை. இவர்கள் தூக்கம் ஆண்டுக்கு இரண்டு முறை இடம் மாறுகிறது.

சமோவா என்று பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவு நாடு. 2011-ல் தேதிக்கோட்டின் இந்தப் பக்கம் வந்துவிட முடிவு செய்தது. டிசம்பர் 29 வியாழன் முடிந்ததும் 31 சனி! வெள்ளிக்கிழமையே இல்லை. அங்கே என்ன செய்தார்கள்? அந்த இல்லாத வெள்ளிக்கிழமைக்கும் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்று முதலாளிகளுக்கு உத்தரவு போட்டார்கள். அங்கே வராத நாளுக்குக் கூலி. இங்கே வந்த நாளுக்கு ஆப்சென்ட்!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நூறு நாள் வேலையில் செல்போன் வருகைப் பதிவைப் புகுத்தினார்கள். 2021-ல் தொடங்கி, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்றார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை படம். சிக்னல் கிடைக்காத காட்டில் நிற்கும் கிழவிக்கு என்ன வழி என்று நாடெங்கும் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. படம் எடுத்த நேரம் ஒன்று. அது போய்ச் சேர்ந்த நேரம் ஒன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதவேண்டும். போய்ச் சேர்ந்த நேரத்தை மட்டும் பார்த்து 'தாமதம்' என்று எழுதும் எந்தச் செயலியும், டவர் இல்லாத குற்றத்தைத் தொழிலாளி மேல் சுமத்துகிறது.

அந்தப் பெண் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தது. சங்கத்தின் பேரில் நிர்வாகத்துக்கு மனு போயிற்று. மனுவில் கோஷம் இல்லை. நோட்டில் குறித்த நேரம், செயலி காட்டிய நாள், கிரீன்விச் மணி, மூன்று பத்தி. முதலில், "உங்களுக்கு யார் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்களாம். பதினைந்து நாளில் செயலியைத் திருத்தினார்கள். இப்போது 5.20-க்கு வந்தாலும் அன்றைய வருகைதான்.

நோட்டோடு சிக்கிய மூன்று நாள் கூலியும் கொடுத்துவிட்டார்கள். முதல் மாதத்து நான்கு நாளுக்குக் குறிப்பு இல்லை என்கிறார்கள். குறிப்பு இல்லையா? அவர்கள் யந்திரத்திலேயே இருக்கிறது: வார விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை இரவு 11.50-க்கு நம் தோழர் உள்ளே போனதாக ஒரு பதிவு. அந்த இரவில் அவர் எந்த ஷிப்டுக்குப் போனார் என்று கேட்டு இரண்டாவது மனு தயாராகிறது. இரவு ஷிப்டுக்காரர்கள் ஆறு மாதத்து மிகைநேரக் கணக்கோடு வியாழக்கிழமை மாலை சங்க ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறோம். வரும்போது நோட்டைக் கொண்டு வாருங்கள்.